புண் கழுவும் வேலையில் என்ன பெருமை இருக்கிறது?

ஆரணிப் பெண்:

பி.எஸ்சி. நர்சிங் முடித்திருக்கிறேன். தொழுநோயால் கை கால் ஊனமுற்ற முதியவர்கள் தங்கியிருக்கும் ஓர் இல்லத்தில் வேலை. இடத்தின் பெயர் வேண்டாம். காலையில் கட்டுப் போடும் அறையில் உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை என் கண் முன்னால் கால்கள்தான். உள்ளங்கால் புண்ணைக் கழுவுவது, ஓரத்துக் காய்ப்பைச் சீவுவது, கட்டுவது, அடுத்தவரைக் கூப்பிடுவது.

உடன் படித்தவர்கள் பலர் வெளிநாடு போய்விட்டார்கள். ஒரு கல்யாண வீட்டில் சித்தி என்னைப் பத்துப் பேர் நடுவில் "இவள் புண் கழுவப் போகிறாள்" என்று அறிமுகப்படுத்தினார். சிரித்துச் சமாளித்துவிட்டேன்.

சமாளிக்க முடியாதது வேறொன்று. அண்மையில் இல்லத்தில் ஆண்டு விழா நடந்தது. ஊர்ப் பிரமுகர் ஒருவர் வந்து ஆளுக்கு ஓர் ஆப்பிளும் ஒரு துண்டும் கொடுத்தார். படம் எடுத்தார்கள். மேடையில் அவரை "அன்பின் திருவுருவம்" என்றார்கள். நான் கடைசி வரிசைக்குப் பின்னால், ஒரு பெரியவரின் சக்கர நாற்காலி சரிவில் உருண்டுவிடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போது எனக்கு வந்த ஆத்திரம் என்னையே திகைக்க வைத்தது. என் பெயரை ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாமே என்று மனம் அடித்துக்கொண்டது.

அன்போடு தொண்டு செய்கிறவரே பெரியவர் என்று கேட்டு வளர்ந்தவள் நான். தொண்டு செய்துகொண்டுதான் இருக்கிறேன். ஆனால் பெரியவளாக உணரவில்லை, இடுப்பு வலிதான் தெரிகிறது. அந்தச் சக்கர நாற்காலிப் பெரியவர் கட்டு மாற்றும்போதெல்லாம் என்னைத் திட்டுகிறார். அவர்மேல் அன்பு இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது என்று மனதறிந்து சொல்ல முடியவில்லை.

பெயரெடுக்க ஆசைப்படுவது தொண்டு செய்கிறவளுக்குக் குற்றமா? அன்பு ஊறாமல் செய்கிற தொண்டு வெறும் கூலி வேலைதானா?

---

இரவுப்பணி:

தங்கையே, நான் அயர்லாந்தில் முதியோர் இல்லம் ஒன்றில் இரவுப் பணி பார்க்கிறேன். உன் சித்தியிடம் சொல்: நானும் இங்கே கழுவத்தான் செய்கிறேன். சம்பளம் யூரோவில் வருவதால் ஊரில் அதற்குப் பெயர் மாறிவிட்டது, அவ்வளவுதான்.

வர எண்ணமிருந்தால் ஆங்கிலத் தேர்வுக்கு இப்போதே படிக்கத் தொடங்கு. இல்லத்தை விட்டுக் கிளம்பினால் இரக்கமற்றவள் ஆகிவிடுவாய் என்று யார் சொன்னாலும் காதில் வாங்காதே. திட்டுகிற நோயாளிமேல் பாசம் பொங்கவில்லையே என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளவும் வேண்டாம். எனக்கும் பொங்குவதில்லை. படுக்கைப்புண் வரக்கூடாதே என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவரைப் புரட்டிப் படுக்க வைக்கிறேன். விடியும்வரை அதுவே போதும்.

---

பாளை வாத்தியார்:

பெயரெடுக்கும் ஆசை குற்றமா என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன், மகளே.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய போதகர் மார்ட்டின் லூதர் கிங், 1968 பிப்ரவரி 4 அன்று அட்லாண்டாவில் உள்ள தம் எபனேசர் ஆலயத்தில் செய்த பிரசங்கம் முழுக்க இதைப் பற்றியதுதான். யாக்கோபு, யோவான் என்ற இரண்டு சீடர்கள் இயேசுவிடம் போய், உமக்கு வலப்பக்கமும் இடப்பக்கமும் எங்களுக்கு இடம் வேண்டும் என்று கேட்கிறார்களே, அந்தக் கதையை எடுத்துக்கொண்டார். சாதாரணமாக நாம் அந்த இருவரையும் பதவிப் பித்தர்கள் என்று ஒதுக்கிவிடுவோம். கிங் ஒதுக்கவில்லை. ஊர்வலத்தின் முன்னால் முரசோடு போகிறவனாக வேண்டும் என்ற ஆசை நம் எல்லோருக்கும் உண்டு, பிறந்த குழந்தை அழுவதும் தன்னைக் கவனிக்கச் சொல்லித்தான் என்றார். இயேசு அந்த ஆசையை விட்டுவிடச் சொல்லவில்லை, முதலாவதாக வர வேண்டுமென்றால் அன்பில் முதலாவதாக வாருங்கள் என்று அதைத் திருப்பிவிட்டார் என்பது கிங்கின் விளக்கம். தொண்டு செய்யப் பட்டம் தேவையில்லை, இலக்கணப் பிழையில்லாமல் பேசக்கூடத் தேவையில்லை என்றும் சொன்னார். இலக்கணம் நடத்திப் பிழைத்தவன் நான், அந்த இடம் கொஞ்சம் உறுத்தியது.

அதே பிரசங்கத்தின் கடைசியில் தம் அடக்கச் சடங்கைப் பற்றிப் பேசினார். தமக்கு நோபல் பரிசு கிடைத்ததைச் சொல்ல வேண்டாம், பிறருக்காக வாழ முயன்றவன் என்று சொன்னால் போதும் என்றார். சரியாக இரண்டு மாதம் கழித்து மெம்பிசில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அடக்கத்தின்போது அந்தப் பிரசங்கத்தின் ஒலிப்பதிவையே ஒலிக்கச் செய்தார்கள். அவர் மெம்பிசுக்கு எதற்காகப் போனார் என்பதையும் சொல்ல வேண்டும். அந்த ஊரில் குப்பை அள்ளும் தொழிலாளர்கள் கூலியும் மரியாதையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் துணையாக நிற்கப் போனார்.

ஆகவே, மேடையில் பெயர் வரவில்லையே என்று உனக்கு வந்த ஆத்திரத்தில் குற்றம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

---

கணக்கர்:

எல்லோரும் அன்பைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் கேட்பது வேறு. உங்களுக்குச் சம்பளம் எவ்வளவு? பி.எஃப். பிடிக்கிறார்களா? வாரத்தில் ஒரு நாளாவது ஓய்வு உண்டா? தொண்டு நிறுவனங்கள் சிலவற்றில் கணக்கு எழுதியிருக்கிறேன். விருந்தினருக்குப் பொன்னாடையும் பந்தலும் ஒரு பக்கத்தில் ஏறும். கட்டுப் போடுகிற பெண் சம்பள உயர்வு கேட்டால் "சேவை மனப்பான்மை வேண்டும்" என்று பதில் வரும். அந்த மனப்பான்மை பந்தல்காரரிடம் மட்டும் ஏன் கேட்கப்படுவதில்லை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

---

குத்தூசி:

அம்மா, நான் டாக்டரும் இல்லை, நர்சும் இல்லை. செருப்புத் தைத்தவன். தொழுநோய் மருத்துவமனை ஒன்றின் காலணிப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். அப்பா பேரணாம்பட்டில் தோல் பதனிடும் இடத்தில் இருந்தார். சட்டையில் தோல் வாடையோடு பள்ளிக்கூடம் போனவனுக்கு உங்கள் சித்தியின் பேச்சு புதிதில்லை.

நீங்கள் கழுவுகிற புண்ணை வரவிடாமல் தடுப்பதுதான் எங்கள் தொழில். ஒரு காலத்தில் டாக்டர்களே, தொழுநோயில் சதை தானாக அழுகி உதிர்கிறது என்று நம்பினார்கள். 1946இல் வேலூருக்கு வந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர்தான் உட்கார்ந்து கவனித்து, சதையில் கோளாறு இல்லை, வலி தெரியாததுதான் கோளாறு என்று காட்டினார். தூங்கும்போது எலி விரலைக் கடித்தாலும் அவர்களுக்குத் தெரியாது. அதற்காக நோயாளிகளுக்கு ஆளுக்கொரு பூனை கொடுத்து அனுப்பிய காலமும் உண்டு. காலிலும் அதே கதை. நமக்குச் செருப்பில் ஒரு கல் புகுந்தால் இரண்டடி வைப்பதற்குள் நின்று உதறுவோம். நோயாளி அந்தக் கல்லோடு சந்தைக்குப் போய்த் திரும்புவார். கல்லே வேண்டாம், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழுகிற அழுத்தமே போதும், உள்ளே சதை நைந்து புண்ணாகிவிடும். 1980களில் கூட்டு மருந்து வந்த பிறகு கிருமி ஓராண்டுக்குள் ஒழிந்துவிடுகிறது. செத்த நரம்புக்கு மருந்தில்லை. நோய் ஒழிந்துவிட்டது என்று ஊர் நினைக்கிறது, உங்கள் அறைக்கு வெளியே வரிசை மட்டும் குறையவில்லை, இல்லையா?

பிராண்ட் மருத்துவம் படிப்பதற்கு முன்னால் கட்டட வேலை கற்றவர். அதனால் கைத்தொழில்காரனை மதிக்கத் தெரிந்தவர் என்று பட்டறையில் மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். என்னென்னவோ பொருள்களைச் சோதித்துப் பார்த்த பிறகுதான் நுண்ணறை ரப்பர் வந்தது. எம்.சி.ஆர். என்போம். கட்டை விரலால் அழுத்தினால் அமுங்கி, எடுத்தால் எழும்ப வேண்டும். மேலே அது, முள் ஏறாமலிருக்கக் கீழே கெட்டியான அடி. கழன்றால் போட்டிருப்பவருக்குத் தெரியாதாகையால் குதிகாலுக்குப் பின்னால் ஒரு வார். விரல் இடுக்கில் எதுவும் உராயக் கூடாது. ஆணி கூடவே கூடாது, தையலும் பசையும்தான்.

இவ்வளவும் கற்றுக்கொண்டு நான் தைத்த செருப்பை ஓர் அம்மாள் போட மறுத்தார். தலைச்சுமையாகக் கீரை விற்கிறவர். ஒவ்வொரு தடவை வரும்போதும் செருப்பு புத்தம் புதிதாக இருக்கும், புண் முன்னைவிட ஆழமாக இருக்கும். பட்டறையில் எல்லோரும் அவரைக் கண்டித்தார்கள். தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொள்வார். ஒரு நாள் கூட்டம் குறைந்த நேரத்தில், ஏனம்மா போடுவதில்லை என்று நான் கேட்டேன். "இதைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினால் என் கீரையை யார் வாங்குவார்கள்?" என்றார். அந்தக் கறுப்பு ரப்பரின் பக்கவாட்டைப் பார்த்தாலே இது எந்த ஆஸ்பத்திரிச் செருப்பு என்று எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

எந்த மாதிரி செருப்பு போட்டால் தெருவில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்று கேட்டேன். வாசலில் உட்கார்ந்திருந்த யாரோ ஒருவரின் காலைக் காட்டினார். மரக்கலரில் இரண்டு பட்டை, ஓரத்தில் மஞ்சள் தையல். கடைவீதியில் அதே நிறத்து ரெக்சின் வாங்கி வந்தேன். ரப்பரின் ஓரம் வெளியே தெரியாமல் சுற்றிலும் ஒரு நாடா ஒட்டினேன். பின்வாரைக் கடைச் செருப்பின் வார் மாதிரியே மெலிதாக வெட்டினேன். மஞ்சள் தையல் மேலுக்குத்தான், பாரம் தாங்குகிற தையல் வேறு.

அடுத்த முறை அவர் வந்தபோது செருப்பின் அடி தேய்ந்திருந்தது. சேறு அப்பியிருந்தது, வாரில் கீரைச்சாறு பட்ட கறை. எங்கள் பட்டறையில் தேய்ந்த செருப்பைக் கண்டால்தான் மனம் நிறையும். நன்றி என்று ஒரு வார்த்தை அவர் சொல்லவில்லை. பக்கிள் இறுக்கமாக இருக்கிறது என்று குறைதான் சொன்னார். பக்கிளை மாற்றிக் கொடுத்தேன். புண் மூடிக்கொண்டு வந்தது. அன்று சைக்கிளில் வீட்டுக்குப் போகும்போது எனக்கு இருந்த மிதப்பை, ஊரே கூடி மாலை போட்டிருந்தாலும் உணர்ந்திருக்க மாட்டேன். பெருமைதான் அது, மறைப்பானேன்? நானே தைத்ததற்கு நானே பட்ட பெருமை.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. அன்பு முன்னால் வந்து, அதன் பிறகு நான் கத்தியை எடுத்ததாக எனக்கு நினைவில்லை. ஒரு காலுக்கு மை தடவிக் காகிதத்தில் அச்சு எடுப்போம். அழுத்தம் அதிகமான இடம் கறுப்பாக விழும். அந்தக் கறுப்பைப் பார்த்துப் பார்த்து ரப்பரை எங்கே தூக்குவது, எங்கே குழிப்பது என்று மல்லாடுவோம். அப்படி மல்லாடிய கால் பிறகு மனதைவிட்டுப் போகாது. முகம் மறந்துவிடும், கால் மறக்காது. மழை பெய்தால் இன்னாருடைய கால் நனையுமே என்று தோன்றும். அன்பு என்று எனக்குத் தெரிந்தது இதுதான். அது வேலைக்குப் பின்னால்தான் வந்தது, அதுவும் எல்லாக் காலுக்கும் வரவில்லை.

டாக்டர் மேரி வர்கீஸ் பற்றி நர்சிங்கில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். 1954இல் வேலூர் அருகே வண்டி கவிழ்ந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிய கைகளுக்கு அறுவை செய்தார். 1966இல் வேலூரில் மறுவாழ்வு மையம் எழுந்ததும் அவரால்தான். பெரியவர், சந்தேகமே இல்லை. ஆனால் தசைநாரை மாற்றித் தைத்த கை அப்படியே வேலை செய்துவிடாது. வாரக்கணக்கில் எதிரே உட்கார்ந்து, இந்த விரலை மடக்கு, அந்த விரலை நீட்டு என்று பழக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. இது நியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். கணக்கர் சொன்னதும் சரி. கேளுங்கள் அம்மா, சம்பளத்தையும் கேளுங்கள், ஓய்வையும் கேளுங்கள். கேட்டால் அன்பு தீட்டுப்பட்டுவிடாது.

உங்களைத் திட்டுகிற பெரியவரைப் பற்றி ஒன்று. ஆப்பிள் கொடுத்த பிரமுகரை அவர் திட்டினாரா? திட்டியிருக்க மாட்டார். விரல் இல்லாத இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டிருப்பார். வாழ்நாள் முழுக்கப் பஸ் கண்டக்டரிலிருந்து டீக்கடைக்காரர்வரை எல்லோரையும் கும்பிட்டே காலம் தள்ளியவர்கள் அவர்கள். கொஞ்சம் குரலை உயர்த்தினாலும் கதவு அடைபட்டுவிடும் என்று பழகிப்போனவர்கள். அப்படிப்பட்டவர் ஒருவரைத் திட்டுகிறார் என்றால், திட்டினாலும் நாளைக்கு இவள் வந்து கட்டை அவிழ்ப்பாள் என்று நம்புகிறார். பிரமுகரிடம் அந்த நம்பிக்கை அவருக்கு இல்லை.

---

ஆரணிப் பெண்:

ஐயா, கும்பிட்டார். நீங்கள் எழுதியது போலவே இரண்டு கையையும் கூப்பி. படம் எடுக்கிறவர் இன்னொரு முறை என்றபோது மறுபடியும் கும்பிட்டார். விழா முடிந்ததும் அந்த ஆப்பிளைப் "பல்லில்லாதவனுக்கு எதற்கு இது" என்று சமையல்கார அம்மாவிடம் தூக்கிக் கொடுத்துவிட்டு, நாற்காலியை ஏன் வெயிலில் நிறுத்தினாய் என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது.

சம்பளப் பேச்சை மாதக் கூட்டத்தில் எடுக்கிறேன். கூட வேலை பார்க்கும் இருவரும் வருகிறோம் என்கிறார்கள். இரவுப்பணி அக்காவிடம் தேர்வு பற்றித் தனியாகக் கேட்கிறேன். போவேனா என்று இன்னும் தீர்மானிக்கவில்லை.

குத்தூசி ஐயாவிடம் ஒரு சந்தேகம். அந்தப் பெரியவருக்கு வலது உள்ளங்காலில், பெருவிரலுக்குக் கீழே மேடாக இருக்குமே, அந்த இடத்தில் புண். ஆறுகிறது, மறுபடி வாய் திறக்கிறது. புண் ஆறும்வரை நடக்க வேண்டாம் என்றுதான் நாற்காலி கொடுத்திருக்கிறோம். பகலில் சொன்னபடி கேட்கிறார். இரவில் கழிவறைக்கு வெறுங்காலோடு நடந்து போகிறார் என்று பக்கத்துக் கட்டில்காரர் சொல்கிறார். எம்.சி.ஆர். செருப்பு கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது. சொன்னால் திட்டுகிறார். என்ன செய்வது?

---

குத்தூசி:

முதலில் அந்தச் செருப்பில் வாரை எப்படி மாட்டுவது என்று பாருங்கள். பக்கிள் வைத்ததாக இருந்தால், விரல் இல்லாத கையால் இருட்டில் அதை மாட்ட முடியாது. உங்களை எழுப்ப மனமில்லாமல் வெறுங்காலோடு போயிருப்பார். பக்கிளை எடுத்துவிட்டு அகலமான வெல்க்ரோ வைக்கச் சொல்லுங்கள். நுனியில் ஒரு வளையம் தைத்தால் உள்ளங்கையை நுழைத்தே இழுத்துவிடலாம். செருப்பு கட்டிலுக்கு அடியில் இருக்க வேண்டாம், கால் இறங்குகிற இடத்தில் சுவரோரமாக இருக்கட்டும். சிறுநீர்க் கலன் ஒன்றை இரவில் கட்டிலோடு வைத்தால் நடையே மிச்சம். ஆனால் அதைப் பத்துப் பேர் முன்னால் சொல்லாதீர்கள், தனியாகக் கேளுங்கள்.

இரண்டாவது, அந்த ரப்பரைப் பெருவிரல் மேட்டுக்கு நேரே கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கி எழும்பவில்லையென்றால் அது செத்துவிட்டது, மாற்ற வேண்டும். பார்வைக்குப் புதிதாகத்தான் இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள்.

புண் இல்லாத இடது காலையும் விடாதீர்கள். தினமும் இருபது நிமிடம் வெறும் தண்ணீரில் ஊறவைத்து, காய்ப்பைக் கல்லால் தேய்த்து, ஈரம் காயுமுன் எண்ணெய் தடவ வேண்டும், இது உங்களுக்கே தெரியும். அதோடு புறங்கையை உள்ளங்காலில் வைத்துப் பாருங்கள். ஓர் இடம் மட்டும் மற்ற இடத்தைவிடச் சூடாக இருந்தால், அடுத்த புண் அங்கேதான் கிளம்பப் போகிறது. கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் கைக்குத் தெரிந்துவிடும்.

பட்டறை தூரம் என்றால் ஊரில் செருப்புத் தைக்கிறவர் யாரிடமாவது கொடுங்கள். ரெக்சினும் வெல்க்ரோவும் நீங்களே வாங்கிக் கொடுத்துவிடுங்கள். தைக்கத்தான் சொல்ல வேண்டும், அவசரத்துக்குக்கூட ஆணி அடிக்க விடக்கூடாது, பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்தால் அந்த வலது காலை மை ஒற்றிக் காகிதத்தில் அச்சு எடுத்து, படம் பிடித்து இங்கே போடுங்கள். புண்ணின்மேல் மை படாமல் பிளாஸ்டிக் தாள் ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம். எடை மட்டும் எழுதுங்கள்.